சந்தவாசலில் கழன்ற கைப்பிடி

என் தலையில் வலது காதுக்கு மேலே இரண்டு சின்னக் குழிகள் இருக்கின்றன. விரலை வைத்து அழுத்தினால் தெரியும். முடி வளர்ந்துவிட்டதால் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் தெருவில் ஆளுக்கொரு கதை ஓடுகிறது. ஒருத்தி மூளையில் கட்டி என்கிறாள். ஒருத்தி பக்கவாதம் என்கிறாள். இன்னொருத்தி செய்வினை என்றே முடிவு கட்டி, எலுமிச்சம்பழம் கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால்தான் என் மகள் கலாவிடம் ஒரு நோட்டு வாங்கித் தரச் சொல்லி எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏறக்குறைய ஒரு மாதம் நான் நானாக இல்லை. அந்த நாட்களைப் பற்றி எழுதுவதில் பாதி மற்றவர்கள் சொன்னது. எது என் ஞாபகம், எது காதில் விழுந்தது என்று இன்னமும் எனக்குக் குழப்பம்தான்.

நாங்கள் ஆரணியில் பட்டு நெசவுக்காரர்கள். என் வீட்டுக்காரர் இருபத்தைந்து வருடம் தறியில் உட்கார்ந்தவர். பிறகு சந்தவாசல், தேவிகாபுரம் பக்கம் தறி வைத்திருப்பவர்களுக்குப் பட்டும் சரிகையும் கொடுத்து, புடவையாக வாங்கி வருகிற தொழிலுக்கு மாறினார். அதற்காகத் தொண்ணூற்றெட்டில் ஒரு பழைய வேன் வாங்கினோம். அதற்கு முன் அது பால் கேன் ஏற்றிக்கொண்டிருந்த வண்டி. எத்தனை தடவை கழுவினாலும் வெயில் ஏறினால் உள்ளே புளித்த வாசனை வரும்.

என் வேலை பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல், பிணைப்பது. தறியில் ஒரு பாவு நெய்து முடிகிற நேரத்தில், அதன் கடைசி இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். முடிச்சுப் போடக் கூடாது. விரலில் சாம்பல் தொட்டு, இரண்டு இழையையும் சேர்த்து ஒரு முறுக்கு. ஆயிரக்கணக்கான இழைகளுக்கு இப்படி. நான் இடது கைக்காரி. மற்றவர்கள் முறுக்குவதற்கு நேர் எதிர்ப்பக்கமாக என் முறுக்கு விழும். தொட்டுப் பார்த்தே, "இது சரசக்கா பிணைச்சது" என்று சொல்லிவிடுவார்கள்.

வேன் வருகிற வரைக்கும் அந்த வேலை எங்கள் தெருவோடு சரி. வேன் வந்த பிறகு நானும் அவரோடு ஊர் ஊராகப் போக ஆரம்பித்தேன். கல்யாணமான நாளிலிருந்து பார்த்த ஊர்களை விட அந்த இரண்டு வருடத்தில் பார்த்தது அதிகம். போகிற இடத்தில் பாவு பிணைத்துக் கொடுப்பேன். நெய்த புடவையை விரித்துப் போட்டு, இழை எங்கே விட்டிருக்கிறது, சரிகை எங்கே இழுக்கிறது என்று பார்ப்பேன். அதில் அவரை விட என் கண் கெட்டி. நெசவாளிகள் அவரிடம் பேசிக்கொண்டே என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன், ரொம்பவே பிடித்திருந்தது.

ஒரே தொல்லை, வண்டியில் ஏறுவது. முன் சீட்டு உயரம். எனக்கு முட்டி வலி, உடம்பும் கனம். ஒவ்வொரு ஊரிலும் அவர் இறங்கி வந்து என்னைப் பின்னாலிருந்து தள்ளி ஏற்ற வேண்டியிருக்கும். ஊரே வேடிக்கை பார்க்கும். ஒரு நாள் அவர் காயலாங்கடையிலிருந்து ஒரு கைப்பிடி வாங்கி வந்தார். பழைய பஸ்ஸில் கழற்றியது. ஒரு முழ நீளம், பளபளவென்று இருந்தது.

வேனைப் பார்க்கிற மெக்கானிக் பாஷா பாய் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, வெறும் தகரத்துல ஸ்குரு போட்டா நிக்காது. உள்பக்கமா ஒரு இரும்புப் பட்டை வெச்சு, போல்ட்டு நட்டு போட்டு முடுக்கணும். வண்டிய வுட்டுட்டுப் போங்க, ஜல்தியா முடிச்சுத் தரேன்" என்றார்.

"தறிக்குக் கால் நட்டவன் நான். ஒரு பிடி போடத் தெரியாதா எனக்கு?" என்று இவர் கிளம்பி வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆசாரி வீட்டிலிருந்து கையால் சுற்றுகிற டிரில்லை இரவல் வாங்கி வந்தார். என்னைச் சீட்டில் உட்கார வைத்து, "எங்க எட்டுது, கைய நீட்டு" என்றார். கதவை ஒட்டின தூணில் என் கை பட்ட இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். மேலே இருந்த ரப்பர் மூடியைப் பிய்த்துவிட்டு, நாலு ஓட்டை போட்டு, நாலு ஸ்குருவையும் முடுக்கினார். வியர்த்து வழிந்தது. முடித்ததும் கைப்பிடிக்குக் குங்குமம் வைத்து, ஒரு முழம் பூவும் சுற்றினார்.

"இன்னாமே, எப்படி கீது?"

"தேர் மாதிரி கீதுங்க" என்றேன்.

எனக்கென்று அவர் தன் கையால் செய்த முதல் பொருள் அதுதான். அவர் ஸ்குரு டிரைவரைத் துடைத்துக்கொண்டே, "இது இருக்கிற வரைக்கும் நீ கூட வா. இதுலயும் ஏற முடியலன்னா வூட்டோட இருந்துக்க. நீ எங்கனா வுழுந்து வெச்சா நான் வண்டி நடைய பாக்கறதா, உன்ன பாக்கறதா?" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். சந்தவாசலில் பாவு பிணைத்து முடித்துவிட்டு வந்தேன். அவர் வண்டிக்குப் பின்பக்கம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். நான் கைப்பிடியைப் பிடித்து ஒரு எம்பு எம்பினேன். கைப்பிடி என் கையோடு வந்துவிட்டது. மல்லாக்க விழுந்தேன். பின்மண்டை ரோட்டோரக் கல்லில் மோதியது. ஒரு நொடி எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. ரத்தம் இல்லை. ஒரு வீக்கம், அவ்வளவுதான். எழுந்து உட்கார்ந்து பார்த்தேன். கைப்பிடியின் மேல் இரண்டு ஸ்குருவும் துருத் தூளோடு என் மடியில் கிடந்தன. கீழ் இரண்டும் எப்போது போனதோ தெரியவில்லை, ஓட்டை மட்டும் இருந்தது. அவர் பின்னால் கயிறு இழுத்துக்கொண்டே யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். பார்க்கவில்லை.

இடுப்பில் எப்போதும் கொஞ்சம் கழிவுப் பட்டு முடிந்து வைத்திருப்பேன். பிணைக்கிறவர்கள் எல்லோரும் வைத்திருப்போம். ஸ்குரு மேல் அந்த நூலைத் தடியாகச் சுற்றினேன். எங்கள் வீட்டில் தறியில் எது ஆடினாலும் செய்கிற வேலைதான் அது. ஓட்டைக்குள் திணித்து, ஒரு ரூபாய்க் காசின் விளிம்பை ஸ்குரு தலையில் கொடுத்துத் திருகினேன். கைப்பிடி நின்றது. பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. சீட்டைப் பிடித்துக்கொண்டு, முட்டியை ஊன்றி, எப்படியோ ஏறி உட்கார்ந்தேன். அவர் வந்து வண்டியை எடுத்தார். "இன்னா, புடவைல மண்ணு?" என்றார். "உக்காந்து எழுந்தேன்" என்றேன்.

அதற்குப் பிறகு அந்தக் கைப்பிடியை நான் தொடவே இல்லை. அவர் பார்க்கும்போது சும்மா கையை மட்டும் மேலே வைத்துக்கொள்வேன்.

தலைவலி மூன்று வாரம் கழித்துத்தான் வந்தது. அதனால் விழுந்ததையும் அதையும் நான் சேர்த்து நினைக்கவே இல்லை. காலையில் எழுந்தால் தலைக்குள் ஈயம் ஊற்றினது போலக் கனம். மாத்திரை போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தேன். அப்புறம் தூக்கம். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவேன். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் கண்டுபிடித்தது எங்கள் வீட்டுத் தறியில் நெய்கிற தர்மன். நான் பிணைத்த பாவை இழுத்ததும் இழைகள் பொலபொலவென்று அவிழ்ந்தன. "அக்கா, உங்க பாவு என்னைக்கும் இப்படி வந்ததில்லீங்களே" என்றான். இடது கை விரல்களில் முறுக்க வலுவில்லை. எனக்கு அது தெரியவில்லை. நூல் சரியில்லை என்று நூல்காரரைத் திட்டினேன்.

இரண்டு நாள் கழித்துத் தர்மன் அலறினான். பாவு முழுக்க எறும்பு. பட்டு நூலில் எறும்புக்கு என்ன வேலை என்று எல்லோரும் கூடிப் பார்த்தார்கள். நான் சாம்பல் கிண்ணத்துக்குப் பதிலாகச் சர்க்கரைக் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதைத் தொட்டுத் தொட்டே காலையிலிருந்து பிணைத்திருக்கிறேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. சாம்பல் எங்கே என்று தேடிப் பார்த்திருக்கிறார். அது காப்பித் தூள் டப்பாவில் இருந்தது.

அதற்கப்புறம் நடந்தவை எனக்கு ஒட்டு ஒட்டாகத்தான் தெரியும். இடது கால் செருப்பு வழியில் கழன்று விழுந்துவிட, நான் ஒற்றைச் செருப்போடு கடைவீதி வரை போய் வந்தேனாம். போளூரில் கட்டிக் கொடுத்திருக்கிற கலா சேதி கேட்டு ஓடி வந்தபோது, செத்துப் போன என் தங்கச்சி பெயரைச் சொல்லி வா என்றேனாம். அவள் கொல்லைப் பக்கம் போய் அழுதிருக்கிறாள்.

ஆரணியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். சர்க்கரை பார்த்தார், பிரஷர் பார்த்தார். இரண்டு கையையும் நீட்டி வைக்கச் சொன்னார். இடது கை தானாகக் கீழே இறங்கியது. "எங்கயாவது கீழ விழுந்தீங்களாம்மா? தலையில அடி பட்டுச்சா?" என்று கேட்டார்.

"இல்லீங்களே" என்றேன்.

பொய் சொன்னேனா, மறந்துபோய்ச் சொன்னேனா என்று நானே எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். இன்றைக்கும் தெரியவில்லை. அந்த நேரம் அது என் தலையில் இருந்ததா என்பதே தெரியவில்லை.

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர், "அவ எங்கங்க வுழப்போறா? வண்டில ஏறதுக்குக்கூட நான் பிடி போட்டுக் குடுத்திருக்கேன்" என்றார்.

டாக்டர் பக்கவாதமாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, வேலூருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். எங்கள் வேனிலேயே, பின்னால் புடவை மூட்டைகளுக்கு நடுவில் ஜமுக்காளம் விரித்து என்னைப் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். வேலூரில் கலாவின் வீட்டுக்காரருக்குத் தெரிந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஸ்கேன் எடுக்கிற மெஷின் அங்கே கிடையாது. வேறு இடத்துக்குப் போக வேண்டும். அன்றைக்கு நேரம் முடிந்துவிட்டது, மறுநாள் காலைக்கு எழுதிக்கொண்டார்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தது எனக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கிறது. எதிர்ச் சுவரில் பச்சைப் பெயின்ட், பாதி உயரம் வரை. மேல் பாதி வெள்ளை. அந்தக் கோடு எனக்குப் புடவைக் கரை போலத் தெரிந்தது. கரை ஏன் இவ்வளவு கோணலாக ஓடுகிறது, நெய்தவன் யார் என்று பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். அவள் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

உள்ளே ஒரு பெண் டாக்டர். என் கலா வயசுதான் இருக்கும். பொறுமையாகக் கேட்டாள்.

"அம்மா, இது எந்த ஊரு?"

"சந்தவாசல்."

"இன்னைக்கு என்ன கிழமை?"

"சந்தவாசல்."

"உங்க வீட்டுக்காரர் எங்க இருக்கார்?"

"சந்தவாசல்ல. பின்னால மூட்டை கட்டிகினு கீறாரு."

அவர் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அந்த டாக்டர் அவரைப் பார்த்து, "சந்தவாசல் அவங்க பிறந்த ஊரா?" என்று கேட்டாள். "இல்லீங்க. நாங்க பாவு குடுக்கிற ஊரு. மாசத்துல ரெண்டு தடவ போவோம்" என்றார். "கீழே விழுந்தாங்களா?" என்று அவளும் கேட்டாள். அதற்கும் இல்லை என்றே பதில். நானும் தலையை ஆட்டினேனாம்.

மறுநாள் ஸ்கேன் எடுக்கிற வரைக்கும் பக்கவாதம் என்று வைத்துக்கொண்டு வைத்தியம் ஆரம்பிக்கலாம் என்று பெரிய டாக்டர் சொன்னார். ரத்தம் உறையாமல் இளக்கி வைக்கிற மாத்திரைதான் அந்த வைத்தியம். மூளைக்குப் போகிற குழாயில் ரத்தம் அடைத்துக்கொண்டால் அந்த மாத்திரை நல்லது. ஏற்கெனவே உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தால், அதே மாத்திரை கசிவை அதிகமாக்கிவிடும். இதெல்லாம் பிறகு அந்தப் பெண் டாக்டர் எனக்குப் புரியும்படி சொன்னது. விழவே இல்லை என்று இத்தனை பேர் சத்தியம் பண்ணினால் அவர்கள் என்ன செய்வார்கள்?

கலா ஃபிளாஸ்க் கேட்டாள் என்று என் வீட்டுக்காரர் கீழே வேனுக்குப் போனார். சந்தவாசல், சந்தவாசல் என்று இவள் ஏன் சொல்கிறாள் என்று அவர் மண்டையைக் குடைந்துகொண்டிருந்ததாம். ஃபிளாஸ்க் என் சீட்டுக்கு அடியில் உருண்டு கிடந்தது. அதை எடுக்க என் பக்கக் கதவைத் திறந்து, கைப்பிடியைப் பிடித்து ஏறினார். அவரும் நல்ல கனம்தான். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. கதவைப் பிடித்துத் தப்பித்துக்கொண்டார்.

ஸ்குருவைப் பார்த்தார். அதைச் சுற்றி அரக்கு நிறத்தில் பட்டு நூல். இடப்பக்கமாகச் சுற்றியிருந்தது. அந்த நிறத்தில் பாவு போட்டது சந்தவாசலுக்குத்தான். அப்படியே வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டாராம். புடவையில் மண் என்று தான் கேட்டதும், உட்கார்ந்து எழுந்தேன் என்று நான் சொன்னதும் அப்போதுதான் ஞாபகம் வந்திருக்கிறது.

கைப்பிடியோடு படியேறி ஓடியிருக்கிறார். வாட்ச்மேன் மறித்து, "யோவ், இன்னாய்யா இரும்ப எத்துகினு உள்ள ஓடுற?" என்று சட்டையைப் பிடித்தாராம். "வுடுய்யா, என் பொண்டாட்டி வுழுந்துட்டா" என்று கத்தினாராம். "எங்க?" என்று அந்த ஆள் தரையைச் சுற்றிப் பார்த்தாராம். நர்ஸ் மாத்திரையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு என் கட்டில் பக்கம் வந்துகொண்டிருந்த நேரம் அது. இவர் மூச்சிரைக்க வந்து, அந்த டாக்டரிடம் கைப்பிடியை நீட்டி, "அம்மா, அவ வுழுந்திருக்கா. இதப் பாருங்க. இது அவ சுத்துன நூலு. மறைச்சிருக்காம்மா" என்று சொல்லி அழுதுவிட்டார்.

அவளுக்குப் பட்டு நூலைப் பற்றி என்ன தெரியும்? ஆனாலும் கேட்டாள். எத்தனை நாள் ஆச்சு, எவ்வளவு உயரம், கீழே கல்லா மண்ணா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, மாத்திரையை நிறுத்தச் சொன்னாள். அவளே நாலு இடத்துக்குப் போன் செய்து, வேறொரு பெரிய ஆஸ்பத்திரியில் அன்றைக்கே ஸ்கேன் எடுக்க ஏற்பாடு செய்தாள். ஒரு பெரிய வளையத்துக்குள் தலையை விட்டு எடுக்கிற படம் அது. வலி இல்லை. ஆடாமல் படுத்திருக்க வேண்டும், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்ததாம்.

படத்தில் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் பிறை நிலா மாதிரி ஒரு வளைவு தெரிந்தது. மூளைக்கு மேலே தடித்த உறை ஒன்று இருக்கிறதாம். அடி படும்போது அதற்கு அடியில் மயிரிழை போன்ற ஒரு குழாய் அறுந்துபோனால், ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசியும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. வாரக் கணக்கில் தேங்கித் தேங்கி மூளையை ஒரு பக்கமாக அமுக்கிவிடும். வலது பக்கம் அமுங்கினால் இடது கையும் காலும் வலுவிழக்கும். புத்தி தடுமாறும். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் தூக்கத்திலேயே போயிருப்பேன் என்று கலாவிடம் சொல்லியிருக்கிறார்கள். ரத்தத்தை எடுத்துவிட்டால் பிழைப்பாரா என்று அவள் கேட்டாள். பிழைப்பார், பழைய புத்தி எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார்களாம். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலேயே தலையை வழித்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, நான் முழித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு ஓட்டை போட்டார்கள். வலிக்கவில்லை. ஆனால் டிரில் சத்தம் மண்டை முழுக்கக் கேட்டது. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை என்றும், அவர் கைப்பிடி போடுகிறார் என்றும் நினைத்துக்கொண்டேன். "பட்டை வெச்சுப் போடுங்க, பட்டை வெச்சுப் போடுங்க" என்று, பாஷா பாய் சொன்ன இரும்புப் பட்டையை நினைத்துக் கத்தியிருக்கிறேன். பட்டு என்று நினைத்தார்களோ என்னவோ, ஆப்பரேஷன் டாக்டர், "போட்டுடலாம்மா, நல்ல பட்டா போட்டுடலாம்" என்றாராம். உள்ளே இருந்து வந்த ரத்தம் பழைய இன்ஜின் ஆயில் நிறத்தில் இருந்ததாக ஒரு நர்ஸ் சொன்னாள். உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, மிச்சம் வடிய ஒரு குழாயை வைத்து மூடினார்கள்.

இரண்டு நாள் தலையணை இல்லாமல் மல்லாந்து கிடந்தேன். நர்ஸ்கள் மணிக்கு ஒரு தடவை வந்து எழுப்பி, பெயர் என்ன, ஊர் என்ன என்று கேட்டார்கள். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் காலையில், "ஆரணி, ஆரணின்னு எத்தினி தடவம்மா சொல்றது, எழுதி வெச்சுக்க மாட்டீங்களா?" என்று எரிந்து விழுந்தேன். கலா ஓடிவந்து என் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். நான் திட்டினதைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

வார்டில் எல்லோரும் நல்லவர்கள். எதிர்க் கட்டில் அம்மா என் மொட்டைத் தலையைப் பார்த்து, எந்தக் கோயிலுக்கு வேண்டுதல் என்று கேட்டாள். வேலூரில் கலாவின் நாத்தனார் ஒருத்தி தினமும் ரசம் சாதம் குழைத்துக் கொண்டு வந்தாள். தர்மன் லீவு போட்டுவிட்டு வந்து, கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "எறும்பெல்லாம் போயிடுச்சிக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். பில்லுக்காக வீட்டிலிருந்த புடவைகளை எடுத்துப்போய் அவர் கடைக்காரரிடம் கிடைத்த விலைக்குப் போட்டார். அதைப் பற்றி என்னிடம் வாய் திறக்கவில்லை.

ஆனால் ஒரு கதையை மட்டும் வாய் ஓயாமல் சொன்னார். பார்க்க வருகிறவர்கள், பக்கத்துக் கட்டில்காரர்கள், இட்லி விற்கிறவர் என்று ஆள் பாக்கி இல்லை. "நான் ஆசையா போட்ட பிடி. அது கழண்டு வுழுந்துச்சின்னு தெரிஞ்சா என் மனசு நோகும்னு இவ மறைச்சுட்டாங்க. உயிரே போனாலும் பரவாயில்லன்னு மறைச்சுட்டா. எங்கங்க கெடைக்கும் இப்படி ஒரு பொம்பள?" என்பார். கண்ணைத் துடைத்துக்கொள்வார். கேட்கிற பெண்களும் துடைத்துக்கொள்வார்கள். என்னைக் கோயில் சிலையைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அது அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் சொல்ல வரவில்லை. அப்புறம், அப்படியும் இருந்திருக்குமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அத்தனை பேர் சொல்கிறார்களே.

பத்தாம் நாள் தையல் பிரித்து வீட்டுக்கு வந்தோம். வலிப்பு வராமலிருக்க மாத்திரை. மூன்று மாதம் அலைச்சல் கூடாது. இடது கைக்குப் பயிற்சியாகப் பந்து அமுக்கச் சொன்னார்கள். நான் பந்தை ஓரமாக வைத்துவிட்டுக் கழிவுப் பட்டை முறுக்கிக்கொண்டிருந்தேன். முதலில் நழுவியது. இருபது நாளில் முறுக்கு நிற்க ஆரம்பித்தது.

ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவர் சொன்னார். "தர்மனோட சம்சாரத்தை இனிமே நடைக்கு கூட்டிகினு போறேன். அவளும் நல்லா பிணைக்கிறா. நீ இனிமே வண்டில ஏறவே வேணாம். வூட்டுல ராணி மாதிரி இரு."

கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டேன்.

"இதச் சொல்லுவீங்கன்னுதான் மறைச்சேன்."

"இன்னாது?"

"வுழுந்தத. உங்க மனசு நோகும்னு இல்ல. நான் வுழுந்தேன்னு தெரிஞ்சா வூட்டோட இருன்னுவீங்க. சந்தவாசல், தேவிகாபுரம் எல்லாம் அதோட போச்சு. அந்த பயத்துல மறைச்சேன். என் சீட்டுக்காக மறைச்சேன். போதுமா?"

அவர் பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டார்.

"அப்ப எனக்காக இல்லியா?" என்றார்.

"இல்ல."

சொன்ன பிறகு எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. அவர் இலையில் எதையோ ஓரமாகத் தள்ளினார். பிறகு தலை நிமிராமல் பேசினார்.

"டிரில்லு எறங்கும்போதே எனக்குத் தெரியும்மே. இரும்புல எறங்கற சத்தம் இல்ல அது. துருதான். தூள் தூளா கையில வந்துது. நீ மேல உக்காந்துகினு என் மூஞ்சையே பாத்துகினு இருந்த. அப்ப போய் இது நிக்காதுன்னு எப்படி சொல்றது? பூவெல்லாம் வாங்கி வெச்சுட்டேன்."

நான் குழம்புச் சட்டியை மூடி வைத்தேன்.

"ஆஸ்பத்திரில எல்லார்கிட்டயும் உன் பெருமைய பேசிகினு இருந்தேனே, ஏன்னு நெனச்ச? அதப் பேசிகினே இருந்தா, அந்தப் பிடிய அப்படி ஏன் போட்டன்னு ஒருத்தரும் கேக்கல."

சந்தவாசலில் விழுந்தபோதுகூட என் தலை அப்படிச் சுற்றவில்லை. கோபப்பட வேண்டியது நான். ஆனால் யார்மேல்? துருவென்று தெரிந்தும் ஸ்குரு போட்டவர் மேலா, கழன்றதென்று தெரிந்தும் நூல் சுற்றி வைத்தவள் மேலா? ஆஸ்பத்திரி வாசலில் கதவு அவர் கைக்குச் சிக்காமல் போயிருந்தால், நான் சுற்றின நூலை நம்பி அவர் மண்டை உடைந்திருக்கும். அதை நான் அதுவரை யோசித்ததே இல்லை.

"சாப்புடுங்க, ஆறுது" என்றேன்.

சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, நான் கேட்காமலேயே, "டாக்டரு மூணு மாசம் கழிச்சு ஏறலாம்னுதான் சொன்னாரு. ஏறவே கூடாதுன்னு நான்தான் சொன்னேன். எனக்கு பயமா இருந்துச்சி" என்றார்.

"எனக்கும்தான் பயமா கீது. அதுக்குன்னு ஏறாம இருக்க மாட்டேன்" என்றேன்.